பின்சுவர்ப் பூச்சி

மைசூரில் இருக்கும் தேசிய சிற்றுயிர் வகைப்பாட்டு மையத்தின் வாசலைத் தாண்டி ஒரு குண்டூசி வெளியே போவதென்றாலும் கரியப்பன் எழுதியாக வேண்டும். அதற்கென்று ஒரு கேட்பாஸ் புத்தகம் உண்டு. தேதி, பொருள், எண்ணிக்கை, எடுத்துச் செல்பவர். கடைசியில் ஒரு கட்டம்: ‘வேறு பொருட்கள்’. பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் அவர் ‘இல்லை’ என்றுதான் எழுதிவருகிறார். வேறு பொருட்கள் இருந்தால் அவற்றையும் ‘பொருள்’ என்ற கட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது விதி. அப்படியானால் கடைசிக் கட்டம் எதற்கு என்று ஒருமுறை கேட்டார். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு என்று நிர்வாக அதிகாரி ஹேமந்த் பதில் சொன்னார்.

கரியப்பனுக்கு ஊர் மார்டள்ளி, கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தமிழர் ஊர். மழை இரண்டு வருடம் ஏமாற்றியதும் கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூர் வந்து இறங்கியவர், ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் இந்த மையத்தின் பின்வாசலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. உள்ளே பத்து லட்சம் பூச்சிகள் ஊசி குத்தப்பட்டு, பெட்டி பெட்டியாக வரிசையில் இருக்கின்றன. அவற்றை யாரும் திருடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவரை யாரும் முயன்றதில்லை.

காவல் அறைக்குப் பக்கத்தில் கழிப்பறை. கழிப்பறைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். சுவர் முழுக்க ஒரு கசப்புக் கொடி. விடியற்காலை நாலரைக்கு அந்தக் கொடியிலிருந்து சாம்பல் நிற விட்டில்கள் கிளம்பி அவருடைய ட்யூப்லைட்டுக்கு வரும். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். இறக்கை ஓரத்தில் தோசையின் முறுகிய விளிம்பு போல ஒரு பழுப்புக் கோடு. உட்கார்ந்ததும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்துபோனதைப் போல அப்படியே நின்றுவிடும். மொத்தம் நாற்பது தேறும். அந்த மையத்துக்கு நேரத்தில் வருபவை அவை மட்டும்தான்.

அவற்றின் மேல் அவருக்குப் பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. நாலரை மணிக்குத் தூக்கம் பிடரியில் கைவைத்து அமுக்கும்போது, விழித்திருக்கும் இன்னொரு உயிர் தேவைப்படுகிறது. அது மனிதனாக இருந்தால் பேசித் தொலைக்கும்.

ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பின்சுவரில் உள்ள தேவையற்ற கொடிகளை அகற்றி, அங்கே ஆறு கார்கள் நிற்க ஷெட் போடப்படும் என்றது. கரியப்பன் அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை ஒரு விட்டிலைத் தன் டிபன் டப்பாவில் மூடி வைத்துக்கொண்டு ஸ்மிதாவுக்காகக் காத்திருந்தார்.

ஸ்மிதா அங்கே ஆராய்ச்சி மாணவி. தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர்; பேத்திக்குக் கன்னடம் சரளம், தமிழ் சமாளிப்பு. பெரியவர்கள் வருவதற்குள் நல்ல மைக்ராஸ்கோப்பைப் பிடித்துவிடலாம் என்று ஆறு மணிக்கே வந்துவிடுவாள்.

“ஏனுங்கம்மிணி, இந்த விட்டில் உங்க பொட்டியில இருக்குதுங்களா?”

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“எல்லிந்த பந்து... எங்கேருந்து வந்தது அண்ணா இது?”

“கக்கூசுக்குப் பின்னாடிங்க.”

மூன்று நாள் கழித்து அவளே காவல் அறைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. “எல்லாப் பெட்டியும் பாத்துட்டேன் அண்ணா. இது எங்கேயும் இல்லை. புதுசு. பேரே இல்லை.”

“பேரில்லாட்டிப் போகுதுங்க. கொடிய வெட்டாம இருப்பாங்களா?”

“புது இனம்னு ப்ரூவ் ஆயிடுச்சுன்னா யாரும் தொட முடியாது. அது எங்கே இருக்கோ அந்த இடத்தையே காப்பாத்தணும். ரூலே இருக்கு.”

கரியப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினோரு வருடம் விதிகளைக் காவல் காத்தவர் அவர். ஒரு விதியாவது தனக்குப் பயன்படும் என்று நம்பியதில் தப்பில்லை.

இயக்குநர் வைத்யநாதன் இதுவரை நூற்றுப் பதினான்கு அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. பறக்கும் பூச்சியின் இறக்கைத் தூள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கரியப்பனை அறைக்குள் அழைத்து, உட்காரச் சொல்லாமல், அன்பாகப் பேசினார்.

“இங்க பாரு கரியப்பா, பேர் இல்லாத ஜீவனை எப்படிக் காப்பாத்தறது? சட்டத்துக்கு முன்னால அது இல்லவே இல்லை. அது இருக்குன்னு முதல்ல நாங்க சொல்லணும். அப்புறம்தான் அது இருக்க முடியும்.”

“இப்பவே இருக்குதுங்களே சார்.”

“அது தற்காலிகமா இருக்கு.”

“செரிங்க. இருக்குதுன்னு சொல்றதுக்கு என்னுங்க பண்ணோணும்?”

“ஒண்ணைக் கொல்லணும்,” என்றார் வைத்யநாதன்.

முறை இப்படி. ஒரு பூச்சியைக் கொன்று, ஊசி குத்தி, சிவப்புச் சீட்டு மாட்டி, நாற்பதாம் எண் அலமாரியில் வைப்பார்கள். அதற்கு மூலமாதிரி என்று பெயர். அதற்குப் பிறகு உலகத்தில் அந்த இனம் என்றால் அந்த ஒன்றுதான். வெளியே பறந்துகொண்டிருப்பவை அதைப் போல இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கப்படும். சாம்பல் நிறப் பூச்சிகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் ஆண் பூச்சியின் அடிவயிற்றையும் அறுத்தாக வேண்டும்.

“அந்த உறுப்புதான் அண்ணா ஒவ்வொரு இனத்துக்கும் வேற வேறயா இருக்கும். பூட்டு சாவி மாதிரி,” என்று ஸ்மிதா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதை எடுத்துக் கண்ணாடியில வெச்சாத்தான் ஒத்துக்குவாங்க.”

கரியப்பன் தன் விரல்களைப் பார்த்தார். “நல்லவேளைங்க. எனக்கு ஆதார் எடுக்கறப்பக் கைரேகையோட உட்டுட்டாங்க.”

ஒன்று போனால் போகட்டும் என்று அவரே ஒரு ஆணைப் பிடித்துக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் ஸ்மிதா நாற்பதாம் எண் அலமாரியைத் திறந்தாள். ஊசி இருந்தது. சிவப்புச் சீட்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது இல்லை. கொஞ்சம் பொடியும், மயிர் முளைத்த ஒரு சின்னப் புழுவும் கிடந்தன. பெட்டிகளில் வைக்க வேண்டிய நாப்தலின் உருண்டைகள் பிப்ரவரியிலிருந்து வரவில்லை. ஹேமந்தின் மேஜையில் கோப்பு இருந்தது.

“பழைய உருண்டைகளைத் திருப்பிக் கொடுத்தாத்தானேப்பா புதுசு இஷ்யூ பண்ண முடியும்?” என்றார் ஹேமந்த். “கரைஞ்சு காத்துல போச்சுன்னு சொல்றாங்க. யார் கையெழுத்துப் போட்டுக் காத்துல விட்டாங்க? அதானே என் கேள்வி.”

இதற்குள் வண்டுப் பிரிவின் தலைவி லலிதாம்பாள் பூதக்கண்ணாடியோடு வந்து புழுவைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இருபது வருடம் குறைந்திருந்தது.

“இது சாதாரண மியூசியம் வண்டோட புழு இல்லை. முதுகுல ஒரு வரிசை ரோமம் ஜாஸ்தியா இருக்கு. புது இனமா இருக்கலாம். யாரும் இந்த அலமாரியைத் தொடப்படாது. நாப்தலின் கிட்டயே வரப்படாது. அது தன் இயற்கையான சூழல்ல வளர்ந்துண்டிருக்கு.”

“மேடம், அது சாப்பிடறது என் மூலமாதிரியை,” என்றாள் ஸ்மிதா.

“அதோட உணவுப் பழக்கத்தைப் பத்தி நமக்கு இன்னும் சரியாத் தெரியாது,” என்றார் லலிதாம்பாள் கண்டிப்பாக.

இரண்டே நாளில் அலமாரியில் ஒரு பலகை தொங்கியது. ‘பாதுகாக்கப்பட்ட வாழிடம். தொந்தரவு செய்யாதீர்.’ அதைப் பார்த்துக் கரியப்பனுக்குத் தெம்பு வந்தது. மனசு வைத்தால் இவர்களால் இரண்டு நாளில் ஓர் இடத்தைக் காப்பாற்ற முடிகிறது. பின்சுவருக்கும் ஒரு பலகை வராமலா போகும்?

மூலமாதிரிகளை நாற்பதாம் எண் அலமாரியில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டாவது மூலமாதிரியும் அங்கேயே வைக்கப்பட்டது. அதையும் புழு தின்றது. மூன்றாவதையும் தின்றது. நன்றாக வளர்ந்தது. நான்காவதை ஸ்மிதா யாருக்கும் தெரியாமல் தன் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள். அலமாரியில் வெறும் சிவப்புச் சீட்டு மட்டும் இருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி சீட்டைப் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு புது இனங்களை ஒப்புக்கொள்ளும் குழு கூடியது. ஒன்பது பேர். ஒவ்வொருவரும் நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்; ஆளுக்கு ஒன்று தேவை. பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சகோதர நிறுவனங்கள் ஏழுக்கும் ஒவ்வொரு ஜோடி அனுப்புவது மரபு. பெண்கள் விளக்குக்கு வராமல் கொடியிலேயே இருக்கும். இலையைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். நாலரை மணிக்கு விழித்திருக்கும் ஊழியர் கரியப்பன் ஒருவர்தான் என்பதால், கொல்லும் குப்பி அவர் கையில் கொடுக்கப்பட்டது. அடியில் பஞ்சு, பஞ்சில் மருந்து. உள்ளே போட்டு மூடினால், மூன்று சுற்றில் இரண்டைத்தான் சுற்றும்.

“அம்மிணி, இன்னும் எத்தனைங்க வேணும்? பாதிக்கு மேல போயிருச்சு.”

“இதான் கடைசி அண்ணா. பேப்பர் வந்துடுச்சுன்னா கொடிக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் அதுங்க பெருகிக்கும். மண்ணுக்குள்ள கூட்டுப்புழு இருக்கு இல்லையா?”

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அவரும் நம்பித்தான் மூடியைத் திருகினார்.

பெயர் வைக்கும் கூட்டத்துக்கு முதல்நாள் வைத்யநாதன் ஸ்மிதாவை அழைத்தார். கேட்பாஸ் தாள்களில் கையெழுத்து வாங்கக் கரியப்பனும் அங்கே நின்றிருந்தார்.

“ஒரு விஞ்ஞானி தன் பேரைத் தானே வெச்சுக்கறது அநாகரிகம்,” என்றார் வைத்யநாதன். “அதனால நீதான் என் பேரை வைக்கப் போறே. நாளைக்கு நீ அதைச் சொன்னதும் நான் பலமா எதிர்ப்பேன். மூணு தடவை. நீ விடப்படாது. என் எதிர்ப்பை மினிட்ஸ்ல ஏத்திடு. நாலாவது தடவை நான் பேசாம இருப்பேன். அந்த மௌனத்தையும் ஏத்திடு.”

அப்படியே நடந்தது. மூன்றாவது எதிர்ப்பின்போது வைத்யநாதனுக்கு உண்மையாகவே குரல் தழுதழுத்தது.

மூலமாதிரியோடு ஊசியில் குத்த வேண்டிய சின்னச் சீட்டு அச்சாகி வந்தது. எங்கே கிடைத்தது, யார் பிடித்தது என்று அதில் இருக்கும். ஸ்மிதா காட்டவில்லை, மேஜையில் கிடந்ததைக் கரியப்பனே படித்துவிட்டார். பிடித்தவர்: வைத்யநாதன். கிடைத்த இடம்: பிலிகிரிரங்கன் மலைக் காடு.

முதல் வரியைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது வரிக்காக அவர் முதல் முறையாக அழைக்காமல் இயக்குநர் அறைக்குள் போனார்.

“சார், எடம் தப்பா உளுந்துருக்குதுங்க. நம்ம கக்கூசுச் செவுருங்க அது. மலை எங்கியோ இருக்குது.”

வைத்யநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “உட்காரு,” என்றார். கரியப்பன் பயந்துபோய் உட்கார்ந்தார்.

“கரியப்பா, இது முப்பத்தெட்டு வருஷ நிறுவனம். உள்ளே நாற்பது விஞ்ஞானிகள் இருக்கோம். எங்க கழிப்பறைக்குப் பின்னாடி ஒரு பூச்சி இத்தனை காலமா இருந்திருக்கு, நாங்க தினம் அதுக்குப் பக்கத்துல நின்னுட்டு வந்திருக்கோம்னு எழுதினா உலகம் என்ன நினைக்கும்? புது இனம்னா காட்டுல இருக்கணும். அதுதான் அதுக்கு மரியாதை. நான் யோசிக்கறது அந்தப் பூச்சிக்காகத்தான்.”

“அது காட்டுல இல்லீங்களே சார்.”

“தேடினா கிடைக்கும். அதுக்குத்தான் மூணு வருஷத் திட்டம் கேட்டிருக்கேன்.”

ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. பூச்சிக்கு இப்போது இரண்டு சொல்லில் லத்தீன் பெயர் இருந்தது. அதில் இரண்டாவது சொல் இயக்குநர். கரியப்பன் கட்டுரையின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிர்வாகப் பிரிவுக்குப் போனார். கொடியை வெட்டக் கூடாது என்று ஸ்மிதா எழுதிக்கொடுத்த மனு கூடவே இருந்தது. ஹேமந்த் மனுவையும் படித்தார், கட்டுரையையும் படித்தார். நேர்மையான மனிதர், ஒரு வரி விடாமல் படித்தார்.

“ஆகல்ல கரியப்பா, ஆகல்ல,” என்று முடியாதென்பதை இரண்டு முறை சொன்னார். “புது இனத்தோட வாழிடத்தைக் காப்பாத்தணும். சரி. நானே காப்பாத்தறேன். ஆனா வாழிடம் எங்கே? பிலிகிரிரங்கன் மலை. நம்ம விஞ்ஞானிங்க எழுதினது, நான் இல்லை. அங்கே காடு இருக்கு, காட்டுக்கு இலாகா இருக்கு. இந்தச் சுவர்ல இருக்கறது எதுவா இருந்தாலும், அது இது இல்லை.”

“இங்கதானுங்க சார் புடிச்சேன். நாந்தானுங்க புடிச்சேன்.”

“பிடிச்சவர் பேர் வேற போட்டிருக்கு பாரு.”

“செரிங்க, கொடியவாச்சும்...”

“தாவரம் நம்ம மையத்தோட வரம்புல வராது.”

கரியப்பன் ஸ்மிதாவிடம் போனார். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடித் தட்டில் ஒன்றும் இருக்கவில்லை.

“திருத்தம் போடலாம் அண்ணா. அதே குழு ஒத்துக்கணும். அடுத்த மீட்டிங் மார்ச்சுல.” மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினாள். “என் தீசிஸ்ல அவர் கையெழுத்துப் போடணும்.”

“புரியுதுங்கம்மிணி.”

“நிஜமாவே சொல்றீங்களா?”

“எனக்கும் மாசா மாசம் ஒருத்தர் போடோணுமுங்களே.”

பெயர் சூட்டு விழாவுக்கு டெல்லியிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்ததால் கார் ஷெட் வேலை முன்னுக்குத் தள்ளப்பட்டது. விழாவுக்கு ஆறு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வந்து அரிவாளால் கொடியை அடியோடு அறுத்துச் சுருட்டினார்கள். வேரை எடுக்கக் கடப்பாறை கேட்டார்கள். கரியப்பன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். கொடி வண்டியில் ஏறி வாசலுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து எழுதினார். பொருள்: செத்தை. எண்ணிக்கை: ஒரு வண்டி. வேறு பொருட்கள்: இல்லை.

ஒரு துண்டை மட்டும் ஒடித்துப் பெயிண்ட் டப்பாவில் நட்டுக் காவல் அறைக்குப் பின்னால் வைத்திருந்தார். விழாவுக்கு முதல்நாள் சுத்தம் செய்தவர்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். டப்பா நல்ல டப்பா என்று ஒருவர் வைத்துக்கொண்டார்.

கார்கள் நிற்கும் அளவுக்குச் சிமெண்ட் போட்டாயிற்று. சுவரோரம் மட்டும் ஒரு சாண் மண் மிச்சமிருந்தது. மொட்டைச் சுவர் பார்க்க நன்றாக இல்லையென்று அதன் மேல் இருபதுக்குப் பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு அந்த விட்டில். இன்னொரு பக்கம் அதே உயரத்துக்கு வைத்யநாதன். பின்னணியில் பச்சைப் பசேலென்று கொடியிலைகள். கொடி இருந்த நாட்களில் ஸ்மிதா எடுத்த படம்.

விழாவில் வைத்யநாதன் பேசினார். பின்வாசலில் நின்ற கரியப்பனுக்கும் மைக்கில் நன்றாகக் கேட்டது. “இந்த எளிய உயிர் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. நாம் பெயரிட்டுவிட்டோம் என்பதற்காக அது தலைக்கனம் கொள்ளவில்லை. எங்கள் குழு இரண்டு முறை காட்டுக்குப் போயும் அது கண்ணில் படவில்லை. அவ்வளவு அடக்கம்! இது மிக அரிய இனம் என்பதை எங்கள் மையம் நிரூபித்திருக்கிறது. இதன் அருமையை மேலும் கூட்டுவதே எங்கள் லட்சியம்.” கைதட்டல் அடங்க நேரமானது. வண்டுப் பிரிவுக்கும் நல்ல செய்தி இருந்தது. அலமாரிப் புழு வண்டாகி, வண்டுகள் ஆகி, மற்ற அலமாரிகளுக்கும் பரவியிருப்பதாகவும், வாழிடம் நாற்பதிலிருந்து நாற்பத்தேழாம் எண் வரை விரிவாக்கப்படுவதாகவும் லலிதாம்பாள் அறிவித்தார்.

விழா முடிந்த மறுநாள். நாலரை ஆயிற்று. ட்யூப்லைட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கொடி போனதிலிருந்து இப்படித்தான். கரியப்பன் முகம் கழுவப் பின்னால் போனார்.

பேனரில் ஒரு விட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெண். வயிற்றுப்பக்கம் பருத்திருந்தது. சுவரோர மண்ணுக்குள் கூட்டில் கிடந்தது, இப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும்; இறக்கை சரியாக விரியவில்லை. அச்சடித்த இலை ஒன்றின் மேல் ஏறியது. காலால் தட்டிப் பார்த்தது. அடுத்த இலைக்குப் போனது. தட்டிப் பார்த்தது. இப்படி ஏழெட்டு இலை. அவர் டார்ச்சைக் கையால் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். கொடி வேறெங்கே இருக்கும் என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்து எங்கும் இல்லை. பெயர் தெரிந்தால் யாரையாவது கேட்கலாம். கொடிக்குப் பெயரும் தெரியாது.

வைத்யநாதனின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த இலையில் அது மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு வயிற்றை வளைத்து முட்டையிட ஆரம்பித்தது. கசகசா அளவு. ஒரு வரிசை, அதன் கீழ் இன்னொரு வரிசை. கருப்பிடித்த முட்டைகளா, வெறும் முட்டைகளா என்று அவருக்குத் தெரியாது. சேர்வதற்கு ஆண் ஏதாவது மிச்சமிருந்திருக்குமா என்றும் தெரியாது. ஆறு மணிக்கு அது கீழே விழுந்தது. முட்டைகள் இருபத்து மூன்று.

ஸ்மிதாவுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. ஆறேமுக்காலுக்குப் பேனர்க்காரன் வண்டியோடு வந்தான். கூடவே ஹேமந்தும் வந்தார். விழா முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பாதி விலைக்குப் பேசி எடுத்த பேனர், காலை ஏழுக்குள் கொடுத்தாக வேண்டும்.

“சார், அதைச் சுருட்ட வேண்டாமுங்க. முட்டை இருக்குதுங்க.”

“எந்த இனம்?”

கரியப்பன் பேனரைக் காட்டினார். “இதேதானுங்க.”

ஹேமந்த் பேனரைப் பார்த்தார். பிறகு கரியப்பனை, இரவு வேலை பார்ப்பவர்களைப் பார்க்கும் விதத்தில் பார்த்தார். “இது இங்கே கிடையாதே கரியப்பா. நேத்து டைரக்டர் சொன்னாரே, நீ கேக்கல்லையா? இல்லாத பூச்சி எப்படி முட்டை போடும்?”

பேனர்க்காரன் கயிற்றை அவிழ்த்தான். வைத்யநாதன் மடிந்தார், விட்டில் மடிந்தது, இலைகள் மடிந்தன. சுருளை முழங்காலால் அமுக்கி, காற்றைப் பிதுக்கி, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினான்.

“என்ன பண்ணுவீங்க இதை?” என்று கேட்டார் கரியப்பன்.

“சிமெண்ட் மூட்டைக்கு மேல போத்துவோம் அண்ணா. மழை வருது இல்ல?”

வண்டி வாசலுக்கு வந்து நின்றது. ஹேமந்த் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரியப்பன் புத்தகத்தை விரித்தார். பொருள்: பேனர். எண்ணிக்கை: ஒன்று. எடுத்துச் செல்பவர் என்ற கட்டத்தில் பேனர்க்காரன் கையெழுத்துப் போட்டான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கரியப்பனின் பேனா நின்றது. உதறினார். மை வந்தது.

‘இல்லை’ என்று எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்து, கேட்டைத் திறந்துவிட்டார்.